இறக்குமதி வெயில்

ஈசூன்
12 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ரமீஸுக்கு லாத்தா ரபியா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். அந்தத் தீவுத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் விட்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன வாரம் போனில் நாம் போட்ட சத்தத்தில் உம்மா அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்கள். அப்புறம் வெளியே வந்து, "இனிமே பேசாதீங்க, எழுதிக்குங்க. எழுதினாவாச்சும் ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் பொறுக்கணும்ல" என்றார்கள். நியாயம்தான். அதனால் இனி மின்னஞ்சலில் கடிதம்.

நீ இங்கே நல்ல வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் சூரிய மின்சாரக் கம்பெனியில் சேர்ந்து கடல் தாண்டிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் வேடிக்கையைப் பார். எங்கள் ஆய்வு நிலையத்துக்கு இப்போது வந்திருக்கும் வேலையும் மின்சாரத்தைப் பற்றியதுதான். சிங்கப்பூரின் எரிசக்திப் பாதுகாப்பை அளந்து ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும்.

உம்மாவுக்கு இப்படி விளக்கினேன்: "அரிசி எத்தனை கடையிலேருந்து வருது, விலை ஏறினா நம்மளால வாங்க முடியுமா, கடைக்காரர் கோவிச்சுக்கிட்டா வீட்டுல எத்தனை நாளைக்கு இருக்கு? அதையேதான் கரண்ட்டுக்குக் கேக்குறோம்." உம்மா சொன்னார்கள்: "இதுக்கா இவ்ளோ படிச்சே?"

சிக்கல் என்னவென்றால், உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சூத்திரங்களில் வெயிலுக்கும் காற்றுக்கும் தாராளமாக மதிப்பெண் உண்டு. யாரிடமும் கையேந்தாமல் சொந்த மண்ணிலேயே கிடைப்பவை என்பதுதான் காரணம். நமக்கு ஏது மண்? நம் அடுக்குமாடி புளோக்கின் கூரை முழுக்கச் சூரியத் தகடுகளைப் பரப்பியும் லிஃப்ட்டுக்கும் நடைபாதை விளக்குக்கும்தான் காணும். பெரிய அளவு வேண்டுமென்றால் உன் தீவு மாதிரி இடங்களில் விழும் வெயிலைக் கடலடிக் கம்பி வழியாகக் கொண்டுவர வேண்டும். அது நம் வெயிலா, இறக்குமதி வெயிலா? இதில்தான் நிற்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் நலத்துக்கு துஆ செய்யும்
ரபியா


பூலாவ் மெந்தாரா
20 அக்டோபர் 2024

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இருமல் போயே போய்விட்டது. தண்ணீர் கொஞ்சம் உப்பு, பழகிவிட்டது. உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நான் ஏன் வந்தேன் என்று இங்கே ஒரு நாள் இருந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு சின்ன மீனவ ஊர். குன்றுச் சரிவு முழுக்கத் தகடுகள் வரப்போகின்றன. வீடு வீடாகப் போய் நிலத்துக்குச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு. நம் கடைத்தெரு மலாயை வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். போகிற வீட்டில் எல்லாம் சோறு போட்டுவிட்டுத்தான் பேச விடுகிறார்கள்.

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் பெரியவர் பாக் ரஸ்லான். ஊர்த் தொழுகைக்கூடத்தின் இமாம். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். இன்னொருவர் நூர்லைலா அம்மா; எல்லாரும் இபு நூர்லைலா என்பார்கள். மீன் அப்பளம் போட்டு விற்பவர். கடலுக்குள் கம்பி இறங்கும் கரை அவர் நிலம். அதனால் அவர் சம்மதம்தான் கடைசியாகவும் கஷ்டப்பட்டும் கிடைத்தது. "மின்சாரம் வந்தா ஒரு ஐஸ்பெட்டி வாங்குவேன்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இங்கே டீசல் ஜெனரேட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு ஊரே இருட்டு.

உங்கள் கேள்விக்கு என் பதில்: வெயிலுக்கு ஏது பாஸ்போர்ட்? எங்கள் வெயிலுக்குப் பார்த்து மதிப்பெண் போடுங்கள், லாத்தா.

உம்மாவுக்கு என் ஸலாம்.

அன்புடன்
ரமீஸ்


ஈசூன்
3 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நடக்கிறார்கள், படி மட்டும் ஏறச் சிரமம். உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

நேற்று டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, தேக்கா சந்தையில் இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தோம். தீபாவளி முடிந்தும் சிராங்கூன் ரோட்டில் விளக்கு அலங்காரத்தை இன்னும் கழற்றவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதும் எனக்கு ஆபீஸ் கணக்குதான் ஓடுகிறது. பைத்தியம் பிடிக்காதது ஒன்றுதான் குறை.

உன் தீவு மாதிரியான திட்டங்களைச் சொந்த வளம் என்று போட்டுப் பார்த்தேன். நாட்டின் எண் துள்ளி ஏறுகிறது. இறக்குமதி என்று போட்டேன். எரிவாயுவை மட்டும் நம்பியிருப்பது குறைவதால் லேசாக அசைகிறது, அவ்வளவுதான். அதே வெயில், அதே கம்பி. எங்கள் இயக்குநர் பிரபாகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வழக்கமான சிங்கப்பூர் 'லா'வோடு சொன்னார்:

"ரபியா, ரொம்ப யோசிக்காதீங்கலா. கிளீன் எனர்ஜி, பக்கத்து நாடு, நமக்கு ஃபிரெண்ட்ஸ். சொந்த சோர்ஸ்னு போட்டுட்டு அடுத்த சாப்டருக்குப் போங்க."

"கம்பியோட அந்தப் பக்கம் பிரச்சினை வந்தா?"

"என்ன பிரச்சினை வரும்?"

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அந்த ஊருக்கு அந்தத் திட்டத்திலிருந்து மின்சாரம் கிடைக்குமா? இரக்கத்தினால் மட்டும் கேட்கவில்லை. இது என் கணக்குக்கே தேவை. தங்கள் குன்றிலிருந்து எங்கள் ஊருக்கு வெளிச்சம் போவதை இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை வருஷம் சும்மா இருப்பார்கள்? அப்படிப்பட்ட கம்பியை நம்பலாமா? ஒரே வரியில் பதில் எழுது.

உம்மா உனக்கு மிளகுப் பொடி அனுப்பப் படகு தேடுகிறார்கள்.

ரபியா


பூலாவ் மெந்தாரா
5 நவம்பர் 2024

லாத்தாவுக்கு ஸலாம். நான் நலம். உம்மாவைப் படி ஏற விடாதீர்கள்.

அவசரமாக எழுதுகிறேன். எங்கள் கம்பெனிக்குப் பணம் போடப்போகிறவர்கள் உங்கள் அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்களாம். எண் நன்றாக வந்தால் வேலை தொடங்கும். இறக்குமதி, ஆபத்து என்றெல்லாம் எழுதி இறக்கிவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஊரே என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறது.

இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. உங்கள் இயக்குநரே சொல்கிறார். சொந்த வளம் என்றே போட்டுவிடுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

மிளகுப் பொடி கிடைத்தால் சந்தோஷம்.

ரமீஸ்


ஈசூன்
15 டிசம்பர் 2024

அன்பு ரமீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழை விடவில்லை. எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது தேவலை. உம்மா நலம்.

பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எந்தப் பக்கம் எழுதினாலும் அது சரியான எழுத்தாக எனக்குப் படவில்லை. சொந்த வளம் என்று எழுதினால் தம்பிக்காக எழுதினேன் என்று ஆகும். இறக்குமதி என்று எழுதினால், தம்பிக்காக எழுதவில்லை என்று காட்டுவதற்காகவே எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். கடைசியில் பிரபாகரிடம் போய், என் தம்பி அந்தத் திட்டத்தில் வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சொல்லப்போனால் அவருக்கு நிம்மதி. "நல்லதாப் போச்சு. நீங்க அந்த சாப்டரைத் தொட வேணாம். திலீப் பார்த்துப்பாரு." பக்கத்து மேஜைக்காரரான திலீப் அன்று காப்பிக்கடையில் தே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்; மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொந்த வளம் என்று முடித்துவிட்டார். நான் இப்போது விலை ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நீ கேட்டது நடந்துவிட்டது. நான் கேட்டதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை.

ரபியா


பூலாவ் மெந்தாரா
17 டிசம்பர் 2024

லாத்தாவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. உங்கள் நேர்மைக்கு என் வாழ்த்துகள். தம்பி ஒருவன் தப்பாக ஏதோ கேட்டான் என்று போய்ச் சொல்லிக்கொடுக்கவாவது நான் உதவினேனே. இனி என் வேலையைப் பற்றி உங்களுக்கு எழுதுவதாக இல்லை.

காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுங்கள். உம்மாவுக்கு ஸலாம்.

ரமீஸ்


ஈசூன்
26 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதற்காவது பதில் வரும் என்று நினைக்கிறேன்.

நீ உம்மாவுக்குப் போன் செய்வது தெரியும். நான் அறைக்குள் வந்தால், "சரி வச்சுடவா" என்கிறாய். அதுவும் தெரியும். உன் பெயரை நான் ஆபீஸில் சொல்லவில்லை. நீ என்ன கேட்டாய் என்றும் சொல்லவில்லை. என்னிடம் அந்தப் பேனா இருக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னேன். இதைக்கூட எழுத்தில் விளக்க வேண்டியிருக்கிறது பார்.

தோ பாயோவில் இருக்கும் ரபீக்கா மாமி உனக்குப் பெண் பார்த்திருக்கிறார்களாம். உம்மா படத்தை அனுப்பச் சொன்னார்கள். இணைத்திருக்கிறேன். கோபத்தில் அதையும் அழித்துவிடாதே.

ரபியா


பூலாவ் மெந்தாரா
19 மார்ச் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு உங்களுக்கும் உம்மாவுக்கும் நல்லபடியாகப் போகிறதா? இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் எழுத மாட்டேன். நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து மேலாளர் கோவிந்தராசு வந்திருந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர் முழுக்கத் தொழுகைக்கூடத்தில் கூடியது. அவர் ஆங்கிலத்தில் பேச, நான் மலாயில் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு வேலை, நிலத்துக்கு எவ்வளவு வாடகை என்று நன்றாகத்தான் போனது. பிறகு பாக் ரஸ்லான் மெதுவாகக் கேட்டார்: "ஊருக்குக் கம்பி எப்போ இழுப்பீங்க? அடுத்த நோன்புக்குள்ள வந்துடுமா?"

கோவிந்தராசு என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: "ரமீஸ், டிசைன்ல வில்லேஜ் லைனே இல்ல. லோக்கலா கொடுக்கணும்னா வேற டிபார்ட்மெண்ட், வேற பெர்மிட். நம்மளால இழுத்துட்டு அலைய முடியாது. அடுத்த கட்டத்துல பார்க்கலாம்னு கொஞ்சம் ஸ்மூத்தா சொல்லிடுங்க."

சொன்னேன். அடுத்த கட்டத்தில் பார்ப்பார்களாம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இபு நூர்லைலா மட்டும் எழுந்து நின்றார். "தம்பி, நான் உன்னைக் கேக்குறேன், அவரை இல்ல. அடுத்த கட்டம்னா ஆமாவா, இல்லையா?"

என் வீட்டில் சோறு தின்றாயே என்று அவர் கேட்கவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

"இல்லை" என்றேன்.

கோவிந்தராசு, "என்ன சொன்னீங்க, ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்குறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நோன்பு திறக்கும் நேரம் வந்தது. எனக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

நவம்பரில் நீங்கள் கேட்டபோதே அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தோடுதான், சொந்த வளம் என்று போடச் சொல்லி உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இப்போது கேட்கிறேன். உங்கள் அறிக்கையில் இந்த ஊரைப் பற்றி ஒரு வரி எழுத முடியுமா?

ரமீஸ்


ஈசூன்
23 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்று அவர்கள் நோன்புக் கஞ்சியைத் தொடவில்லை.

மறுநாள் காலையிலேயே பிரபாகரின் அறைக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். கம்பி கிளம்பும் கரையிலேயே மனக்கசப்பு இருக்கிறது, அதைச் சொந்த வளம் என்று எண்ணுவது தவறு, குறைந்தது ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள் என்றேன்.

"இது யார் சொன்னது?"

"தம்பி."

"பார்த்தீங்களா? இதுக்குத்தானே நீங்களே வெளிய வந்தீங்க. இப்ப உங்க தம்பி சொன்னார்னு உள்ள எழுதச் சொன்னா எப்படிலா? அப்போ அவருக்கு சாதகம், இப்போ பாதகம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் தவறு இருந்தால் நான் கத்தியிருப்பேன். தவறு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நேர்மையாக நடந்துகொண்டதாலேயே என் வாயை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன்.

திலீப் நல்ல மனிதர். எனக்காகப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அக்கா, எங்க போடுறது சொல்லுங்க. விலை இருக்கு, கார்பன் இருக்கு, எத்தனை நாடுன்னு இருக்கு. கரண்ட் கொடுக்குறவங்க வீட்டுல லைட் எரியுதான்னு ஒரு இண்டிகேட்டர் எங்கயும் இல்லையே" என்றார். ஆறு மாதமாக அந்தப் பட்டியலைச் செய்தவளே நான்தான்.

அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. என்னால் எதுவும் முடியவில்லை, ரமீஸ். நீ என்ன செய்யப்போகிறாய்?

ரபியா


பூலாவ் மெந்தாரா
6 ஏப்ரல் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். உம்மா கையால் சாப்பிடாத முதல் பெருநாள். பாக் ரஸ்லான் வீட்டில் ஓலையில் கட்டி அவித்த கெத்துப்பாட் சோறு கொடுத்தார்கள். இப்போது அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். கம்பெனி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது.

இபு நூர்லைலா தம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இறுதி ஒப்பந்தம் ஆகும் வரை இருக்கிறது என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். நான்தான் தூண்டிவிட்டேன் என்று கோவிந்தராசு என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்.

அவர் கரை இல்லாமல் கம்பி கடலில் இறங்க முடியாது. அதனால் வேறு ஓர் ஆள் வந்து வாடகையை ஏற்றித் தருவதாகச் சொன்னார். இபு, "எனக்குப் பணம் வேணாம், ஊருக்குக் கம்பி வேணும்" என்றார். வந்தவருக்கு அது புரியவே இல்லை. மேலும் ஏற்றிச் சொன்னார்.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். ஊர் இரண்டாகிவிட்டது. குன்றில் வேலை கிடைக்கும் என்று இருந்த வாலிபர்கள் இபு வீட்டுப் பக்கம் போவதில்லை. பெருநாளன்று அவருடைய சொந்தத் தம்பியே ஸலாம் சொல்லாமல் கடந்துபோனார். என்னையும் ஒருவர் வழிமறித்து, "நீ வராம இருந்திருந்தா நாங்க நல்லா இருந்திருப்போம்" என்றார்.

ஊருக்கு வா என்று உம்மா தினமும் சொல்கிறார்கள். இபுவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் படகு ஏறுவது? இருந்து என்ன செய்கிறேன் என்றும் தெரியவில்லை. அப்பளம் காயப்போட உதவுகிறேன்.

ரமீஸ்


ஈசூன்
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி ரமீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

வியாழக்கிழமை அறிக்கை வெளியீடு. பெரிய ஹோட்டல், குளிர் தாங்காமல் எல்லாரும் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாட்டின் எண் ஏறியிருக்கிறது. பிரபாகர் மேடையில் அந்தக் கோடு மேலே போவதைக் காட்டியபோது கைதட்டல். அந்தக் கோட்டில் உன் குன்றும் இருக்கிறது, இன்னும் ஒரு தகடுகூட ஏறாத குன்று.

கேள்வி நேரத்தில் நான் கை தூக்கினேன். சொந்த ஆபீஸ்காரி கேள்வி கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என் தம்பி அங்கே வேலை பார்த்தவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்: மின்சாரம் அனுப்பும் ஊருக்கு மின்சாரம் இல்லாமல் இருப்பது நம் பாதுகாப்புக்கு ஆபத்தா இல்லையா?

"நல்ல கேள்வி" என்றார். "ஆனா அது அவங்க நாட்டு உள் விவகாரம். நம்ம ஆய்வு எல்லைக்குள்ள வராது."

அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மைக் இல்லாமலே கேட்டேன். "அங்க விழுற வெயில் நம்மளோடதுன்னு எண்ணிட்டீங்க. அங்க இருக்குற இருட்டு மட்டும் எப்படி அவங்களோடது ஆச்சு?"

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். தேநீர் இடைவேளையில் யாரும் என் பக்கம் வரவில்லை, திலீப்பைத் தவிர. ரயிலில் ஈசூன் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

வீட்டில் உம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளையோட கூடப்பொறந்தவனே பேசலையாமே. பெருநாளைக்கு யார் போனா அவ வீட்டுக்கு?" என்றார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பை கட்டியிருக்கிறது. முழங்காலைச் சொன்னேன், படகைச் சொன்னேன். "நீ வர்றியா, நான் மட்டும் போகவா?" என்கிறார்கள்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரபாகர் காரணம்கூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தஞ்சோங் பினாங் வரை பெரிய படகு, அங்கிருந்து உன் தீவுக்குச் சின்னப் படகு. துறைக்கு வந்து உம்மாவைக் கைபிடித்து இறக்கு.

நான் வருவதால் அந்த ஊருக்குக் கம்பி வந்துவிடாது. அச்சான எண்ணும் மாறாது. இதைப் பற்றி என் பெயரில் தனியாக ஒரு கட்டுரை எழுதப் பார்க்கிறேன். யார் போடுவார்கள் என்று தெரியாது. அதற்கு முன்னால் இபு நூர்லைலாவின் வீட்டில் போய் உட்கார்ந்து, இந்த எண்ணைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்ல வேண்டும். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் மலாய்க்கு அது புரியும். நீ குறுக்கே வந்து எதையும் மென்மையாக்கிச் சொல்லாதே.

ரபியா